கால் மைலுக்குக் காரைக் கிளப்புவது எப்படி?

டிராக் ரேஸ் என்றால் கால் மைல், அதாவது 402 மீற்றர் நேரோட்டம். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மட்டும் முயன்று பார்க்காதீர்கள், மூடிய ஓடுபாதை கிடைத்தால்தான் இது. மஸ்டாங் மாதிரி பழைய மசில் கார்களுக்கு, அதாவது பெரிய என்ஜின் போட்ட அமெரிக்கக் கார்களுக்கு, இழுவை பின்சில்லில். கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்வதால் ரயர் தரையை நன்றாகக் கவ்வும், ஆனால் மட்டக்களப்பில் நாங்கள் ஓடும் முன்சில்லு இழுவைக் கார்களுக்கு அதுவே எதிரி, அக்சிலரேட்டரை மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும்.

சாதாரண ரயரைச் சுழற்றிப் புகைக்க வேண்டாம், காசுதான் கருகும்.

அப்புறம் தொடக்கக் கோட்டில் இருக்கும் விளக்கு. வழமையான முறையில் மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், பிறகு பச்சை. பச்சை வரட்டும் என்றிருந்தால் பிந்திவிடுவீர்கள், கடைசி மஞ்சளிலேயே கிளச்சை விடுங்கள். பச்சைக்கு முந்திக் கிளம்பினால் சிவப்பு எரியும். நான் முதல் தடவை பட்டென்று விட்டு என்ஜினையே நிறுத்திவிட்டேன், மச்சான் இன்னும் சிரிக்கிறான்.