ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீட்டில் மரணம், நோய், வேலையிழப்பு என்று ஏதாவது வந்துவிட்டால் சபையிலிருந்து முதலில் போய் நிற்பது பெரும்பாலும் சாதாரண விசுவாசிகள்தான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒரு போதகர் எத்தனை வீட்டுக்குப் போவார்? 1975-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கென்னத் ஹாக் என்ற போதகர் ஸ்டீபன் ஊழியம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியபோது, தன் சபையாரையே இந்த வேலைக்குப் பழக்கினார். அதில் சேர்கிற ஒருவர் சுமார் 50 மணி நேரம் பயிற்சி பெற்ற பிறகே இன்னொருவரைத் தனியாகச் சந்திக்கத் தொடங்குகிறார். பல சபைகளில் அப்படி எதுவும் கிடையாது. அன்பு இருக்கிறது, வேதாகமம் கையில் இருக்கிறது, கிளம்பிவிடுகிறார்கள்.

அன்போடு போகிறவர்களும் காயப்படுத்திவிட்டு வருவதுண்டு. நான் பார்த்தவரை அதற்கு முக்கியக் காரணம் அவசரம். ஒருவர் வேதனைப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார நம்மால் முடிவதில்லை. எதையாவது சொல்லி, எதையாவது கொடுத்து, சீக்கிரம் அதற்கு ஒரு முடிவு கட்டப் பார்க்கிறோம்.

துக்க வீட்டில் பேச்சு

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களை எல்லோரும் குறை சொல்கிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடன் செய்தது சரியான காரியம். 7 நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது ஆறுதல் என்ற பேரில் வேதனை தருகிறவர்கள், என்று யோபுவிடம் பேர் வாங்கினார்கள்.

“தேவனுக்கு அவன் தேவைப்பட்டான்”, “எல்லாம் நன்மைக்குத்தான்”, “இன்னொரு பிள்ளை இருக்கே, அதை நினைச்சுத் தேத்திக்கோங்க.” பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இவற்றைச் சொல்லாதீர்கள். தேவனை நேசிக்கிறவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்கிற ரோமர் 8:28 உண்மைதான். என்றாவது ஒருநாள் அந்தத் தாயே அதைத் தன் வாயால் சொல்லலாம். அடக்கம் முடிந்த அன்று நாம் அவர் கையில் திணிக்கக் கூடாது. “எங்க அப்பா போனப்போ நானும் இப்படித்தான்” என்று நம் கதைக்குத் தாவுவதும் அதே வகைதான். இப்போது அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று கண்ணில் படாமலே நடக்கும். இத்தனை நாள் இறுகிப்போயிருந்தவர் மெல்லப் பேசத் தொடங்குகிறார். குரல் தழுதழுக்கிறது, அழுகை வருகிறது. உடனே நாம், “சரி, ஜெபிக்கலாமா?” என்று கண்ணை மூடிவிடுகிறோம். அவரும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலை குனிகிறார். ஜெபம் முடிகிறது, பேச்சும் முடிந்துபோகிறது. அவர் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது. ஜெபம் அவ்வளவு அருமையானது என்பதால்தான் அதை அழுகைக்கு மூடியாக வைக்கக் கூடாது என்கிறேன். அழட்டும். பேசி முடிக்கட்டும். அப்புறம், “எதற்காக ஜெபிக்கட்டும்?” என்று கேளுங்கள். அவர் சொன்ன அதே வார்த்தைகளைக் கொண்டு சுருக்கமாக ஜெபியுங்கள்.

என்ன சொல்வது என்றே தெரியாவிட்டால், “வார்த்தை வரல, உங்க கூட இருக்கத்தான் வந்தேன்” என்பது போதும். இறந்தவரின் பேரைத் தயங்காமல் சொல்லுங்கள். சில நாளிலேயே அந்தப் பேரை யாருமே உச்சரிக்காமல் போவதுதான் பல வீடுகளில் பெரிய வலி.

மருத்துவமனை என்றால் கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகம் பார்க்கும் உயரத்தில் உட்காருங்கள். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

ஜெபக்குறிப்பு என்ற பேரில்

இது சபைகளில் சாதாரணமாகிவிட்டது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தன் மகன் போதைப்பழக்கத்தில் இருப்பதை ஒரு தாய் உங்களிடம் சொல்கிறார். நீங்கள் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில், “நம் சபையில் ஒரு சகோதரியின் மகனுக்காக, போதையிலிருந்து விடுதலை கிடைக்க” என்று போடுகிறீர்கள். பேர் போடவில்லை. ஆனால் சபையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது யார் வீடு என்று தெரிந்துவிடும். அந்தத் தாய் இனி யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார், ஆலயத்துக்கே வராமலும் போகலாம். ஒருவர் சொன்னதை அவரைக் கேட்காமல் வேறு யாரிடமும், சொந்த மனைவியிடமோ கணவரிடமோகூட, ஜெபத்துக்காகக்கூட, சொல்லக் கூடாது.

கேட்காமல் கொடுப்பது, கொடுத்துக் கூச வைப்பது

பர்திமேயு குருடர் என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் இயேசு அவரிடம், “நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். நாமோ பையை நிரப்பி வாசலில் வைத்துவிட்டு, ‘உதவி செய்தாயிற்று’ என்று வந்துவிடுகிறோம். அந்த வீட்டுக்கு வேண்டியது ஒருவேளை வாடகையாக இருக்கலாம், விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு ஆளாக இருக்கலாம். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பதும் போதாது. கஷ்டத்தில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். “வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியிலிருந்து கூட்டி வரட்டுமா?” என்று குறிப்பாகக் கேட்டால் ஆம், இல்லை என்று சொல்ல அவருக்கு எளிது.

வேதாகமத்தில் உபாகமம் 24-ல் ஒரு சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கினவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், அவரே எடுத்துக்கொண்டு வந்து தருவார். ஏழையின் வீட்டு வாசலுக்கு அவ்வளவு மரியாதை. உதவி வாங்குகிறவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பகிரும்போது அந்த வாசலை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறோம். கூட்டத்துக்கு வந்தால்தான் பொருள் என்று நிபந்தனை வைப்பதும் அப்படித்தான். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர் கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்கவே இல்லை என்றாலும் அடுத்த மாதமும் அதே முகத்தோடு போங்கள்.

நம் கைக்கு மீறியவை

மனச்சோர்வில் இருப்பவரிடம் “ஜெபம் குறைஞ்சிருக்கும்” என்று சொல்வது கொடுமை. “போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவர் சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினார். “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. மருந்து சாப்பிடுகிறவரிடம் “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?” என்று கேட்டு அதை நிறுத்த வைப்பவர் ஆபத்தை உண்டாக்குகிறார்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். “தற்கொலை எண்ணம் வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டாரையோ மருத்துவரையோ அவசர உதவியையோ உடனே சேருங்கள். இந்த இடத்தில் ரகசியம் காக்கும் வாக்கு செல்லாது. அதனால்தான் தொடக்கத்திலேயே, “உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும்” என்று தெளிவுபடுத்தி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான கொடுமையும் இதில் அடங்கும். அதைச் சபைக்குள் பேசி முடிக்கப் பார்க்காமல் உரிய அதிகாரிகளிடம் கொண்டுபோக வேண்டும்.

அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் மனைவியை “மன்னிச்சு விட்டுடும்மா” என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சமரசம் பேசவும் வேண்டாம். அங்கே அந்த மனைவி பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இரவு வீட்டில் பதில் வாங்க வேண்டியிருக்கும். முதலில் அவருக்குப் பத்திரமான இடம் வேண்டும்.

இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன்கூட எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் 2 பணம் சத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வருவதாகச் சொல்லித் தன் வழியே போனார். ஒரே ஆள் ராத்திரி பகலாகப் போனை எடுத்துக்கொண்டிருந்தால் சில மாதங்களில் அவரே ஓய்ந்துபோவார். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும், மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே இறந்த நாள், பிறந்த நாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு போனாவது செய்யுங்கள். உங்களால் தொடர முடியாத நிலை வந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். சில வாரம் முன்பே சொல்லி, அடுத்து வரப்போகிறவரை நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள்.