வழக்காடாமல் பிரிவது எப்படி?

பிரிவது என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்த பிறகுதான் பல வீடுகளில் சண்டையே சூடு பிடிக்கிறது. வீடு யாருக்கு, கடனை யார் கட்டுவது, பிள்ளைகள் யாரிடம்? இதையெல்லாம் நீதிபதியிடம் விடாமல் நீங்களே பேசித் தீர்க்கலாம்.

ஆனால் அடி, மிரட்டல் இருந்த வீட்டுக்கு இந்த வழி வேண்டாம். பயந்து போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. அங்கே சட்டப் பாதுகாப்புதான் முதலில்.

படி 1: வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று, மத்தியஸ்தம். நடுவில் இருப்பவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். பேச வைப்பார், அவ்வளவுதான். இன்னொன்றில், ஆளுக்கொரு வக்கீலுடன் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவீர்கள். 1990இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டூ வெப் என்ற வழக்கறிஞர் தொடங்கிய முறை இது. பேச்சு முறிந்து வழக்கானால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதனால் பேசி முடிப்பதில் வக்கீல்களுக்கும் அக்கறை இருக்கும். முறிந்தால் புது வக்கீலிடம் ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்கைத் திறந்து வையுங்கள்

வங்கிக் கணக்கு, நகை, காப்பீடு, ஓய்வூதியம், கடன் எல்லாவற்றையும் ஆதாரத்துடன் பட்டியலிடுங்கள். மறைத்த ஒரு கணக்கு பின்னால் வெளியே வந்தால், அதுவரை பேசியது அத்தனையும் வீண். கூட்டாக வாங்கிய கடனில் கூடுதல் கவனம் வேண்டும். 'இனி அவர் கட்டுவார்' என்று உங்களுக்குள் எழுதிக்கொண்டாலும் கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. உங்கள் துணை கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் உங்களிடம்தான் வருவார். முடிந்தால் கடனை அடைத்துவிட்டு அல்லது ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிரியுங்கள்.

படி 3: 'ஏன்' என்று கேளுங்கள்

'வீடு எனக்குத்தான்' என்று இருவரும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஏன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளி பக்கத்தில் இருப்பது முக்கியமாக இருக்கலாம். மற்றவருக்குப் போட்ட பணம் திரும்ப வர வேண்டும். அப்படியானால், படிப்பு முடியும்வரை ஒருவர் அங்கேயே இருந்துவிட்டு, அப்புறம் விற்றுப் பங்கிடலாம். ஒரு அமர்வில் ஒரே விஷயம் போதும், எளிதானதை முதலில் எடுங்கள். பழைய கதை கிளம்பினால் கொஞ்சம் இடைவேளை விடுங்கள்.

படி 4: பிள்ளைகளுக்கு ஒரு நாட்காட்டி

'இருவரும் பார்த்துக்கொள்வோம்' என்று எழுதினால் போதாது. பள்ளி நாட்களில் யாரிடம், விடுமுறையில் யாரிடம், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதுவரை எழுதுங்கள். 'அம்மா வேணுமா, அப்பா வேணுமா' என்று மட்டும் குழந்தையிடம் கேட்காதீர்கள். நீங்கள் எடுக்கத் தயங்கும் முடிவை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

படி 5: எழுதி, சட்டப்படி முடியுங்கள்

கையெழுத்திடும் முன் அவரவர் வக்கீலிடம் காட்டுங்கள். வருமானம் மாறினால் ஜீவனாம்சம் எப்படி மாறும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தம் மட்டுமே விவாகரத்து ஆகிவிடாது. பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றமோ உரிய அலுவலகமோ அதை ஏற்றுப் பதிய வேண்டும். வாதாட்டம் இல்லாததால் அது பெரும்பாலும் வெறும் நடைமுறைதான்.

ஆணை கைக்கு வந்ததும் காப்பீட்டிலும் வங்கியிலும் நாமினி பெயரைப் பாருங்கள். பழைய பெயர் அப்படியே இருக்கலாம்.