கௌச்சர் நோய் உள்ளவருக்கு எலும்பு முறிந்தால்

எனக்குக் கௌச்சர் நோய், முதல் வகை. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி போதாததால், சிதைய வேண்டிய கொழுப்பு சில அணுக்களுக்குள் தேங்கி, அவை மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குவிகின்றன. எலும்பு மெலிகிறது, சில இடங்களில் இரத்தம் போய்ச் சேராமல் எலும்பே இறந்துபோகிறது. அதனால்தான் சாதாரணத் தடுமாற்றத்தில்கூட நமக்கு எலும்பு முறியலாம். நாம் கீழே விழாமலேயே முதுகெலும்பு நசுங்குவதும் உண்டு.

அவசரப் பிரிவுக்குப் போனதும் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பல மருத்துவர்கள் இந்த நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நான் ஒரு தாளைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்: நோயின் வகை, ஏற்றிக்கொள்ளும் நொதி மருந்தும் அளவும், மண்ணீரல் இருக்கிறதா எடுத்தாயிற்றா, கடைசித் தட்டணு (இரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கை, என் மருத்துவரின் எண். வலியில் இதெல்லாம் வாயில் வராது.

வலி மாத்திரையில் கவனம் வேண்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். நமக்கு அவை ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். கேட்காமல் விழுங்காதீர்கள்.

அறுவை சிகிச்சை என்றால் தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது. எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரத்தம் உறைய உதவும் புரதங்களான உறைதல் காரணிகளும் குறைந்திருக்கலாம். கத்தி வைப்பதற்கு முன்பே இரத்தவியல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

விழவே இல்லை, ஆனால் எலும்பில் தாங்க முடியாத வலி, கூடவே காய்ச்சல் என்றால் அது எலும்பு நெருக்கடியாக (எலும்புக்கு இரத்தம் போவது தடைபட்டுத் திடீரென வரும் கடும் வலி) இருக்கலாம், எலும்பில் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நெருக்கடியைத் தொற்று என்று நினைத்துக் கீறினால், இல்லாத தொற்று உள்ளே போய்விடும். அதனால் முதலில் இரத்தக் கல்ச்சரும் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எம்.ஆர்.ஐ.யும் கேளுங்கள். மண்ணீரல் எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைதான்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். என் இடது இடுப்பு எக்ஸ்ரேயில் சுத்தமாகத் தெரிந்தது. தொடை எலும்பின் தலை இறந்துகொண்டிருந்ததை எம்.ஆர்.ஐ.தான் காட்டியது.

கட்டுப் போட்ட காலத்திலும் நொதி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மண்ணீரலும் இரத்தமும் சில மாதங்களிலேயே தேறத் தொடங்கும், எலும்புக்கு வருடங்கள் ஆகும். இறந்த எலும்பு மருந்தால் மீளாது.

அப்புறம், எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி பரிசோதனை. இறந்த எலும்போ செயற்கை மூட்டோ உள்ள பக்கத்தின் அளவை நம்ப முடியாது. நசுங்கிய முதுகெலும்பும் அடர்த்தியை அதிகமாகக் காட்டும். மற்ற இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். எலும்பு தேய்வதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து எழுதினால் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பாருங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது காலில் எப்போது, எவ்வளவு பாரம் போடலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பது அதைத்தான்.