பினாமிப் படையை எதிர்கொள்ளும்போது அரசுகள் செய்யும் தவறுகள்

1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசி அணி கப்பலேறியது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில்தான். பினாமிப் படைகள் (ஒரு நாடு ஆயுதம் கொடுத்துத் தன் சார்பில் சண்டையிட வைக்கும் குழுக்கள்) பற்றிய செய்தி எங்கிருந்து வந்தாலும் எனக்கு அந்தக் காலம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆயுதம் வாங்கியவர்கள் கொடுத்தவரின் சொற்படியே நடப்பார்கள் என்று நம்புவதுதான் முதல் தவறு. 1983க்குப் பிறகு ஈழத் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சி கொடுத்தது. 1987 ஒக்டோபரில் அவற்றில் ஒன்றான புலிகளோடு அதே இந்தியாவின் படை மோதியது. சுமார் 1,200 வீரர்களை இழந்தது. இயக்கங்களுக்குச் சொந்தக் கணக்கும் சொந்தக் கனவும் உண்டு. எதிர்த்து நிற்கிற அரசும் இதை மறந்து, பின்னால் இருக்கும் தலைநகரோடு மட்டும் பேசினால் போதும் என்று நினைக்கிறது.

அடுத்தது இன்னும் கொடியது: ஒரு குழுவை அடக்க இன்னொரு குழுவுக்கு ஆயுதம் கொடுப்பது. வடகிழக்கு மாகாண அரசு திருகோணமலையில் இருந்து இயங்கிய நாட்களில், புலிகளை எதிர்க்க இந்திய ஆதரவோடு அது கட்டிய தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று பிள்ளைகளை வீதியில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். மறுபக்கம், இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகப் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. இந்தியப் படை மாவட்டம் மாவட்டமாக விலக, அந்தப் பிள்ளைகள் தனியே விடப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1990 ஜூனில் புலிகளுக்கும் அரசுக்கும் மறுபடி போர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு எந்தத் தலைநகர் பதில் சொல்லும்?

குழு இருக்கிற ஊரையே தண்டிப்பதும் எடுபடாது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை விரட்ட 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது. அந்த ஆக்கிரமிப்பிலிருந்துதான், ஈரானின் துணையோடு, ஹிஸ்புல்லா எழுந்தது.

சரி, பின்னால் நிற்கும் அரசை என்ன செய்வது? ஆத்திரத்தில் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டால் வழக்கு நிற்காது. 1986இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இரண்டையும் பிரித்தே பார்த்தது: நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கொன்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது அமெரிக்காவின் சட்டமீறல், ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொரு கொடுமையையும் அமெரிக்காவின் செயலாகக் கொள்ள, அந்தச் செயலை அதுவே கட்டுப்படுத்தியது என்று காட்ட வேண்டும். ஆதாரம் திரட்டுவது மெதுவான வேலைதான். ஆனால் லிபியாவைப் பாருங்கள். 1986இல் அமெரிக்கா அங்கே குண்டு வீசியது. ஆனாலும் 1988இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி ஊருக்கு மேலே அமெரிக்க விமானமொன்றில் குண்டு வெடித்து 270 பேர் இறந்தார்கள். அப்புறம் விசாரணை, 1992இல் ஐ.நா. தடைகள், 1999இல் லிபியச் சந்தேக நபர்கள் ஒப்படைப்பு. 2003இல் லிபியா பொறுப்பேற்று, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சம்மதித்தது.