ஏ.பி. தேர்வை மறுபடி எழுதுவதற்கு முன் கல்லூரியின் அட்டவணையைப் பாருங்கள்

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி நிலைப் பாடங்களில் எழுதும் அமெரிக்கத் தேர்வான ஏ.பி.யின் மதிப்பெண் வந்த மறுநாள், ஜூலை முதல் வாரத்தில், எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்த பையன் ஒருவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். பதினோராம் வகுப்பு முடித்திருந்தான். கால்குலஸ் பிசியில் 5-க்கு 3.

"அடுத்த மே மாசம் மறுபடி எழுத வைக்கப் போறோம் அண்ணா. நல்ல கோச்சிங் எங்க இருக்கு?" என்று அம்மா கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போனை வாங்கிப் பார்த்தேன். 3-க்குக் கீழே இன்னொரு மதிப்பெண் இருந்தது, 4. அதை இருவருமே கவனிக்கவில்லை. கால்குலஸில் இரண்டு தேர்வுகள் உண்டு. சிறியது ஒன்று. அதன் பாடம் முழுவதையும் உள்ளடக்கி அதற்கு மேலும் போவது பிசி. பிசி எழுதுகிறவர்களுக்குச் சிறிய தேர்வின் பகுதிக்கென்று தனியாகத் துணை மதிப்பெண் தருவார்கள். அவன் சேர நினைத்திருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில், எந்த ஏ.பி. மதிப்பெண்ணுக்கு என்ன சலுகை என்று சொல்லும் கிரெடிட் அட்டவணையைத் திறந்தோம். துணை மதிப்பெண் 4 இருந்தால் முதல் செமஸ்டர் கால்குலஸ் படிக்க வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. இரண்டாவது செமஸ்டர் கணக்கைக் கல்லூரியிலேயே படிக்கத்தான் அவனுக்கும் ஆசை. அப்புறம் எதற்காக ஒரு வருடம் கஷ்டப்பட வேண்டும்?

நான் பார்த்தவரை, மறுதேர்வில் நடக்கும் பெரிய தவறு இதுதான். மதிப்பெண்ணைப் பார்த்த வேகத்திலேயே முடிவெடுத்துவிடுகிறோம். 3 என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு வேறு பொருள் தரும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் 3 முதலே யூனிட் கொடுக்கின்றன. இல்லினாயில் அரசுக் கல்லூரிகள் 3-க்கு கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எம்ஐடியில் முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்ட பிசியில் 5 வேண்டும். கால்டெக் ஏ.பி.க்கு கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மவுத், 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து பட்டத்துக்கான கிரெடிட்டை நிறுத்திவிட்டது. மேல்நிலை வகுப்பில் இடம் கொடுக்க மட்டும் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. 4-ஐ 5 ஆக்கினால் ஒரு பாடம் குறையும் என்றால் மறுபடி எழுதலாம். எதுவும் மாறாது என்றால் மே மாதத்தை வேறு பாடத்துக்குச் செலவிடலாம்.

அட்டவணை பார்க்கும்போது 'கிரெடிட்' என்ற சொல் ஏமாற்றும், கவனம். பட்டம் வாங்கத் தேவையான மொத்த யூனிட்டில் சேர்வது ஒன்று. குறிப்பிட்ட ஒரு பாடத்தைப் படிக்காமல் தாண்டுவது வேறு. யூனிட் எதுவும் கிடைக்காமல் அடுத்த நிலை வகுப்பில் உட்கார மட்டும் அனுமதிப்பது இன்னொன்று. கலிபோர்னியாவில் 3 வாங்கினால் யூனிட் கிடைக்கும். ஆனால் பொறியியல் படிக்கிறவர் முதல் கணக்குப் பாடத்தைத் தாண்டலாமா என்பதை அந்த வளாகமும் துறையும் தீர்மானிக்கும். அதனால் துறையின் பக்கத்தையும் தேடிப் படியுங்கள்.

டாக்டர் கனவு இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏ.பி. வேதியியலிலும் உயிரியலிலும் 5 வாங்கியே தீர வேண்டும் என்று பிள்ளையை மறுபடி மறுபடி உட்கார வைக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளில் பல, நுழைவுக்குத் தேவையான அறிவியல் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை. அல்லது அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்கச் சொல்கின்றன. அந்தப் பிள்ளை எப்படியும் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் நிற்கத்தான் போகிறது.

அடுத்தது பழைய மதிப்பெண்ணை அழிப்பது. மறுபடி எழுதினால் முதல் மதிப்பெண் தானாக மறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மறையாது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அனுப்பும் அறிக்கையில் இரண்டும் இருக்கும். அதற்குப் பயந்து, புது மதிப்பெண் வருவதற்கு முன்பே பழையதை ரத்து செய்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ரத்து செய்தால் செய்ததுதான், திரும்பி வராது. இரண்டாவது முறை 2 வந்தால் கையிலிருந்த 3-உம் போய்விட்டிருக்கும். கிரெடிட் என்று வரும்போது கல்லூரிகள் பொதுவாக உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், குறிப்பிட்ட கல்லூரிக்கு மட்டும் ஒரு மதிப்பெண்ணை மறைத்து வைக்க வழி இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு, ஒரு கல்லூரிக்கு 10 டாலர்.

காலக்கணக்கும் முக்கியம். ஏ.பி. ஆண்டுக்கு ஒரே முறை, மே மாதத்தில்தான். எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஜூலையில் மதிப்பெண் பார்த்துவிட்டு ஆகஸ்டில் எழுத முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் எழுதும் தேர்வின் முடிவு வரும்போது கல்லூரி இடமே உறுதியாகியிருக்கும். ஆக, அந்த மறுதேர்வு கிரெடிட்டுக்கு உதவும், சேர்க்கைக்கு உதவாது. தேர்வுக்குப் பதிவு செய்வது பள்ளி மூலமாக, நவம்பர் நடுவுக்குள். பள்ளிகள் அதற்கும் முன்னால் ஒரு தேதி வைத்திருக்கும், பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். 2025 தேர்வுக்கு அமெரிக்காவில் கட்டணம் 99 டாலர். தாமதமாகப் பதிந்தால் மேலே 40. பதிந்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40 போகும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, எழுதுவதுதான் நல்லது என்று முடிவானால், தயாரிப்பில் வரும் தவறுகளைப் பேச வேண்டும். அக்கா படித்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். பாடத்திட்டமே மாறியிருக்கலாம். இயற்பியல் 1-இல் 2024-25 கல்வியாண்டிலிருந்து பாய்மங்கள் சேர்ந்திருக்கின்றன. கணினி அறிவியல் ஏ-யில் 2025-26 முதல் இன்ஹெரிட்டன்ஸ் இல்லை. தேர்வு எழுதும் விதமும் மாறிவிட்டது. 2025 மே முதல் பெரும்பாலான பாடங்கள் கணினியில் தேர்வு எழுதும் புளூபுக் செயலிக்கு வந்துவிட்டன. கால்குலஸில் கொள்குறி வினாக்களுக்குத் திரையில் விடை, விரிவான வினாக்களுக்குக் கையால் தாளில் விடை. திரையில் வரைபடத்தைப் பார்த்துத் தாளில் கணக்குப் போட்டுப் பழகாதவர்கள் அங்கே நேரத்தை இழக்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் கால்குலஸில் 2 வாங்கிய ஒரு பெண் பழைய வினா ஒன்றுக்கு எழுதிய விடையை என்னிடம் காட்டினாள். சார்பின் உச்சம் எங்கே, காரணம் காட்டு என்பது வினா. அவள் x-இன் மதிப்பு 2 என்று சரியாகவே எழுதி, பக்கத்தில் 'வரைபடம் அங்கே ஏறி இறங்குகிறது' என்று போட்டிருந்தாள். விடை சரி, ஆனால் காரணத்துக்கான புள்ளி கிடைக்காது. வகைக்கெழு அங்கே நேர்மத்திலிருந்து எதிர்மமாக மாறுகிறது என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்த பகுதியில் கால்குலேட்டர் விடை 2.35 என்றிருந்தது. மூன்று தசம இடம் வரை சரியாக இருக்க வேண்டும், அங்கே இன்னொரு புள்ளி போயிற்று. தொட்டியில் நீர் நிறையும் வேகத்துக்கு அலகே எழுதவில்லை. ஒரு வினாவுக்கு மொத்தம் 9 புள்ளி. அதில் மூன்று இப்படிப் போயிருந்தது. கணக்கு தெரியாமல் ஒன்றும் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இதைக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது. "ஒரு வருஷமா நான் கணக்குல மக்குன்னு நினைச்சிட்டிருந்தேன் மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கோச்சிங் போகவில்லை. காலேஜ் போர்டு தன் தளத்தில் பழைய விரிவான வினாக்களையும், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்ற வழிகாட்டியையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆறு வினாவுக்குத் தொண்ணூறு நிமிடம் என்பதால், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். சனிக்கிழமை காலையில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு வினா எழுதுவாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் தாளைத் தானே திருத்துவாள்.