தாய் அட்டவணையைக் கேட்டால் சேய்களும் வரும்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றின் கணக்குக்காக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘வரவு’ என்ற தாய் அட்டவணையும், இன்ஹெரிட்ஸ் என்ற சொல்லால் அதிலிருந்து பிறந்த ‘கூழ்வரவு’, ‘பழவரவு’ என்ற இரு சேய் அட்டவணைகளும் இருப்பதாகக் கொள்வோம். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய் கூழ்வரவில் பதிவாகும். இனிப்பைக் குறிக்கும் பிரிக்ஸ் அளவு அந்த அட்டவணையில் மட்டுமே உண்டு.

‘வரவு’ அட்டவணையை செலக்ட் (தரவை எடுத்துக் காட்டும் கட்டளை) செய்தால், கூழ்வரவும் ஒரு வகை வரவே என்பதால், மூன்று அட்டவணைகளின் வரிசைகளும் சேர்ந்தே வரும். ஆனால் தாய்க்குரிய பத்திகள் மட்டுமே கிடைக்கும், பிரிக்ஸ் கேட்டால் பிழைச்செய்திதான். தாயில் நேரடியாகப் பதிந்தவை மட்டும் போதுமென்றால், அட்டவணைப் பெயருக்கு முன் ‘ஒன்லி’ என்று சேர்க்க வேண்டும். ஒரு வரிசை எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்பதை ‘டேபிள்ஓஐடி’ என்ற மறைவான பத்தி காட்டிவிடும்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது டெலிட் (அழித்தல்), அப்டேட் (மாற்றுதல்) கட்டளைகளில்தான். ‘ஒன்லி’ இல்லாமல் பழைய வரவுகளை அழித்தால், கேள்வி எதுவும் கேட்காமல் கூழ்வரவிலும் கை வைத்துவிடும். எனவே அதே நிபந்தனையுடன் முதலில் செலக்ட் செய்து, டேபிள்ஓஐடி வாரியாக எண்ணிப் பார்த்த பிறகே அழிப்பது நல்லது. ஒரே எண் ஓர் அட்டவணையில் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் பிரைமரி கீ கட்டுப்பாடும் சேய்களுக்கு இறங்காது. ஒரே ரசீது எண் இரண்டு சேய்களிலும் தடையின்றிப் பதிவாகும் என்பதால், அந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு சேயிலும் தனியே அமைத்த பின்னரும், சேய்களுக்கிடையே எண் மோதாதிருக்க அடுத்தடுத்த எண்களைத் தரும் ஒரே சீக்வென்ஸிலிருந்து எண் வழங்க வேண்டும்.