எம்ஜிபி காரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினில், ஸ்பார்க்குக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட்டையும் அதன் துணையான கன்டென்சரையும் கழற்றிவிட்டு, அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்துவது சிறிய வேலைதான். (அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம் என்பதால், சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பகிர்ந்தளிக்கும் அதன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய இடமாகவே தெரியும்.) வேலை சுலபம் என்பதாலேயே முன்கூட்டிச் சோதிக்க வேண்டியவற்றைப் பலரும் சோதிப்பதில்லை.

முதலில் எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியுடன் இணைந்திருக்கிறது என்பது. 1967 வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியுடன் இணைக்கப்பட்டிருந்தது. நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை அதில் பொருத்தினால் அது அப்போதே கருகிவிடும். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கக்கூடும் என்பதால், தயாரிப்பு ஆண்டை நம்பாமல் பேட்டரியையே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜாக மாற்றும் காயில். பழைய வண்டிகளின் காயில் ஏறக்குறைய 3 ஓம். பிற்கால ரப்பர் பம்பர் வண்டிகளில் ஏறக்குறைய 1.5 ஓம் காயிலும், வயரிங் கட்டுக்குள்ளேயே மறைந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ் வயரும் உண்டு. அந்த வயருக்குப் பின்னால் மாட்யூலுக்குச் சப்ளை எடுத்தால் 12 வோல்ட் முழுமையாகக் கிடைக்காது. வயரை நீக்கிவிட்டு அதே காயிலை வைத்தாலோ மின்னோட்டம் கூடி மாட்யூல் சூடேறும்.

எனினும், என் கணக்கில் பெரிய தவறு, தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் புதிய மாட்யூலை ஏற்றுவதுதான். தண்டின் உச்சியில் சுழலும் ரோட்டரைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், ஸ்பார்க் விழும் நேரம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். உள்ளே எடைகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், அட்வான்ஸ் (வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்தள்ளும் அளவு) முன்கூட்டியே ஏறி, மேடு ஏறும்போது எஞ்சின் தட்டும். அசையும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் சிறு எர்த் வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும்: வெளியுறை நன்றாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்திருக்கும், எஞ்சினின் உறிஞ்சல் (வேக்வம்) தட்டை நகர்த்தும்போது மட்டும் எஞ்சின் மிஸ்ஸாகும், நாமோ கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

செம்புக் கம்பி பிளக் வயர்களின் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும் என்பதால், அதை அடக்கும் சப்ரெஸர் வகையே பொருந்தும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் நிலையில் விட்டுவைக்கவும் கூடாது. பொருத்தி முடித்ததும் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்பார்க்கோடு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கால் மீண்டும் வைக்க வேண்டும். பழைய பாயின்ட், கன்டென்சர், பாயின்ட் இடைவெளியை அளக்கும் 0.015 அங்குல ஃபீலர் கேஜ் மூன்றும் டிக்கியில் இருக்கட்டும். மாட்யூல் நடுவழியில் செத்தால் அதைப் பழுதுபார்க்க முடியாது.